ஒற்றர் தொடரின் பிந்தைய நூலைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஏற்காட்டிற்கு வந்திருந்த என் அக்கா மகன், சேலத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கியதாகச் சொல்லி, ஆங்கில எழுத்தாளர் ஜான் லெ காரேயின் 'எ லெகசி ஆஃப் ஸ்பைஸ்' நாவலைப் பையிலிருந்து எடுத்தான். லெ காரேயின் பிரிட்டிஷ் உளவாளிப் பாத்திரமான ஜார்ஜ் ஸ்மைலி வரும் வேறு எந்த நூலையும் அவன் படித்ததில்லை. 2018ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நான் செய்த தவறும் அச்சு அசலாக இதுவேதான்.

'தனியாகவும் படிக்கலாம்' என்பதை நம்புதல்

எனக்கு அப்படிச் சொன்னவர் கடைக்காரர். ஸ்மைலி 1961இல் 'கால் ஃபார் தி டெட்' நாவலில் அறிமுகமானார். 2017இல் வந்த இந்நூல், லெ காரே எழுதியவற்றில் அவர் இடம்பெறும் ஒன்பதாவது நூல். இடையில் 1963இல் வெளிவந்த 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்', தன் கடைசி அத்தியாயத்திற்காகவே செங்கல் செங்கலாகக் கட்டப்பட்ட நாவல். 2017ஆம் ஆண்டு நூல் அந்த விவகாரத்தின் கோப்பைத்தான் மறுபடி திறக்கிறது: ஓய்வு பெற்று பிரான்சின் பிரிட்டனிப் பகுதியில் வாழும், ஸ்மைலியின் பழைய சகாவான பீட்டர் கில்லம் லண்டனுக்கு வரவழைக்கப்பட்டு, பனிப்போர்க் காலத்தில் நடந்ததற்குக் கணக்குக் கேட்கப்படுகிறார். ஆகவே பழைய நாவலின் முடிவு இங்கே இரகசியம் அன்று; கதை புறப்படும் இடமே அதுதான்.

காப்பித் தோட்டத்து வீட்டில், மழையில் மின்சாரம் போன இரவொன்றில், எமர்ஜென்சி விளக்கை மார்பில் சாய்த்து வைத்துக்கொண்டு படித்த எனக்கு, தொடக்க அத்தியாயங்களைத் தாண்டுவதற்குள் அந்த முடிவு தெரிந்துவிட்டது. பிறகு 1963ஆம் ஆண்டு நாவலைத் தேடி வாங்கிப் படித்தேன். கிழக்கு ஜெர்மனியில் நடக்கும் விசாரணைக் காட்சியில் வாசகனுக்குக் காலடித் தரை நழுவ வேண்டும், எனக்கு நழுவவில்லை. புத்தகத்துக்குக் கொடுத்த பணத்தை மறந்துவிட்டேன், அந்தக் காட்சியை இழந்த எரிச்சல் மட்டும் இன்றுவரை தீரவில்லை.

ஒன்பதையும் படித்தாக வேண்டும் என்பதில்லை. 1961, 1963, 1974 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்றை முடித்துவிட்டு 2017க்கு வரலாம். அக்கா மகனின் நூலை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு முதல் நாவலைக் கொடுத்தேன். "இது ரொம்பச் சின்னதா இருக்கே மாமா" என்று குறைபட்டுக்கொண்டே எடுத்துப் போனான்.

1974ஐத் தாண்டிக் குதித்தல்

1974இல் வந்த 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை'யின் புதிர், உளவுத்துறைக்குள்ளேயே இருக்கும் துரோகி யார் என்பது. 1977இல் வந்த அடுத்த நூல் அவர் பெயரை மறைப்பதே இல்லை.

பெயர்கள் நினைவில் நிற்கும் என்று எண்ணுதல்

இந்நூல்களில் ஒரே ஆளுக்குச் சொந்தப் பெயர், வேடப் பெயர், சங்கேதப் பெயர் என்று மூன்று இருக்கக்கூடும். சேலத்திலிருந்து பேருந்தில் ஏறிப் படிக்கத் தொடங்கினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் பெயர்களும் கலங்கிவிடும், வயிறும் கலங்கிவிடும். பயணச்சீட்டின் பின்புறத்திலாவது குறித்துக்கொள்ளுங்கள்.

வயதைக் கணக்கிடுதல்

ஸ்மைலி 1928இல் பணியில் சேர்ந்ததாக முதல் நூல் சொல்கிறது. பிந்தைய நூல்கள் அந்தக் கணக்கிற்குக் கட்டுப்படவில்லை.

பாத்திரத்தின் பெயரை இணையத்தில் தேடுதல்

வேண்டாம்.