பேஸ் ஆம்ப் ஹெட்டில் சத்தம் விட்டு விட்டு வருகிறதா?

வாசிக்கும்போதே பேஸ் ஆம்ப் ஹெட்டின் (பேஸ் கிட்டாருக்கான, ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்ளிஃபயர் பெட்டி) சத்தம் திடீரென்று இறங்கினால், அல்லது கரகரத்துவிட்டுத் திரும்பி வந்தால், ஒரு சின்ன பேட்ச் கேபிளால் பின்பக்கத்து எஃபெக்ட்ஸ் லூப்பின் (வெளி எஃபெக்ட் கருவியை இடையில் சேர்க்கும் வழி) 'சென்ட்', 'ரிட்டர்ன்' ஜாக்குகளை இணைத்துப் பாருங்கள். சத்தம் சீரானால் கோளாறு ரிட்டர்ன் ஜாக்கில்தான். பழுதுபார்க்கிற கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

பல ஹெட்களில் ஒலியின் தன்மையைச் சீர்செய்யும் ப்ரீஆம்பிலிருந்து ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்குப் போகும் சிக்னல், அந்த ஜாக்குக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகட்டைத் தாண்டித்தான் போகிறது. அங்கே யாரும் எதையும் செருகுவதில்லை. வருஷக்கணக்கில் தூசியும் ஆக்சைடும் படிந்து தொடர்பு விட்டுப்போகிறது. கேபிள் அந்தத் தகட்டைத் தவிர்த்துச் சிக்னலைக் கடத்திவிடுகிறது. அப்புறம் நிதானமாக, பவரை அணைத்துவிட்டு, பிளக்கில் கொஞ்சம் கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே மட்டும் வேண்டாம்.

லூப் இல்லாத ஹெட்டுக்கு இது பொருந்தாது. சிக்னலின் ஒரு பகுதி மட்டும் லூப் வழியே போகும் பேரலல் லூப்பில் இந்தச் சோதனையை நம்ப முடியாது. நன்றாகச் சூடேறிய பிறகுதான் சத்தம் நிற்கிறதென்றால் முதலில் உள்ளே இருக்கும் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கர் அவுட் ஜாக்கில் இந்தக் கேபிளை மாற்றிச் செருகிவிடாதீர்கள்.