புதிய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்தக் கூடுதல் வசதிகள் தேவை?

கோலாலம்பூரில் புதிய ஸ்போர்ட்ஸ் காருக்கு முன்பதிவு செய்வோர், பின்னர் பட்டறையில் எளிதாகப் பொருத்த இயலாத வசதிகளுக்கே முதலில் பணம் ஒதுக்க வேண்டும். அவற்றுள் முதன்மையானது காரின் முன்பகுதியைச் சில சென்டிமீட்டர் உயர்த்தும் அமைப்பாகும். பங்சாரிலும் மொன்ட் கியாராவிலும் உள்ள கொண்டோமினியங்களின் வாகன நிறுத்தச் சரிவுகளிலும் தாமான்களின் வேகத்தடைகளிலும் பம்பரின் அடிப்பகுதி உரசாமல் காப்பது அதுவே என்பதால், வேறெதைக் கைவிட்டாலும் இதைக் கைவிடாதீர்கள்.

காற்றோட்ட இருக்கைகள் நம் வெயிலுக்கு ஏற்றவை. சூடேற்றும் இருக்கைகள் இங்கே வீண்.

இரும்புக்குப் பதிலாகக் கார்பன் இழை கலந்த பீங்கான் தட்டுகளைக் கொண்ட கார்பன் செராமிக் பிரேக் பலரை ஈர்க்கிறது. அதன் எடை குறைவு, தூசியும் குறைவு, கடும் வெப்பத்திலும் அதன் திறன் தளர்வதில்லை. எனினும் தட்டு சேதமடைந்தால் மாற்றும் செலவு மிகப் பெரிது. 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள சிப்பாங் பந்தயத் தடத்திற்கு எப்போதாவது செல்வோருக்கு இரும்புத் தட்டுகளும் தரமான பிரேக் பேடுகளும் போதும் என்பதே என் உறுதியான கருத்து.

மிகப் பெரிய ரிம்களையும் தவிருங்கள். டயரின் பக்கச்சுவர் மெலிவதால், மழைநீர் மறைத்த குழிகளில் அவை எளிதில் வளைகின்றன.

இறக்குமதிக் காரின் மதிப்பில் தொழிற்சாலை வசதிகளும் சேர்வதால் வரியும் கூடும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் வரி உட்பட்ட விலையை விற்பனையாளரிடம் எழுத்துப்பூர்வமாகப் பெற்ற பின்னரே கையொப்பமிடுங்கள்.