கோலார் தங்கவயலுக்குத் திரும்புவோருக்கு: லைன் வீடும் பங்களாவும்

தாத்தா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தார் என்று கேட்டு வளர்ந்து, இன்று வெளிநாட்டில் வாழ்பவர்கள் கோலார் தங்கவயலுக்குப் போவதென்றால், ஞாயிற்றுக்கிழமையில் போவதே நல்லது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, ஊரில் வேலைக்குப் போகும் வயதில் உள்ளவர்களில் பலர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் புறப்பட்டு இரவில்தான் திரும்புகிறார்கள் என்பதால், மற்ற நாள்களில் முதியவர்களையும் பூட்டிய கதவுகளையுமே பார்க்க நேரும்.

பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். சென்னையிலிருந்து வருவோர் ஜோலார்பேட்டை வழியாக வந்து பங்காரப்பேட்டையில் இறங்கி, மாரிகுப்பம் வரை செல்லும் கிளைப்பாதை ரயிலில் ஏறிக்கொள்ளலாம். வேலை நாளில் போக நேர்ந்தால், பெங்களூரில் தங்கிக் காலையில் வந்து மாலையில் திரும்புங்கள். கூட்டம் எதிர்த்திசையில் இருக்கும் என்பதால் முதியவர்களுக்கும் உட்கார இடம் கிடைக்கும். தங்கவயலிலேயே தங்க விரும்புவோருக்கு ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதிப் பக்கம் எளிய விடுதிகள் உண்டு.

பலர் வண்டி வைத்துக்கொண்டு நேராக உரிகம் பக்கத்து பங்களாக்களையும் ஆங்கிலேயர் காலத்து கிளப்பையும் படமெடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனெனில் வட ஆற்காடு, சேலம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து வந்த, பெரும்பாலும் நிலமற்ற தலித் குடும்பங்களான நம் முன்னோர் வாழ்ந்தது அங்கேதான். சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம் லைன்களில் இன்றும் ஒரே அறையும் முன்புறச் சிறு தாழ்வாரமும் கொண்ட வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. சந்து நெடுகிலும் வாசலுக்கு வாசல் நீல நிறத் தண்ணீர் டிரம்கள் இருக்கும். தண்ணீர் எப்போது வரும் என்பதே அன்றைய பொழுதைத் தீர்மானிப்பதால், வரும் நேரத்தில் யாரையும் பேச்சுக்கு இழுக்காதீர்கள். உங்கள் குடிநீரையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

அங்கிருந்து நடந்தே பங்களாப் பகுதிக்குப் போகலாம். பெரிய தோட்டம், அகன்ற தாழ்வாரம், குளிருக்குப் புகைபோக்கியுடன் கணப்பு அடுப்பு என்று 1880 முதல் சுரங்கத்தை நடத்திய பிரிட்டிஷ் நிறுவனமான ஜான் டெய்லரின் அதிகாரிகள் வாழ்ந்த முறை இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. 1902இலேயே காவிரியின் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்ட ஊர் இது. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கி, பாறை வெடிப்புக்கும் நுரையீரலை அரிக்கும் தூசிக்கும் இடையே பொன் எடுத்தவர்களுக்கு ஓர் அறையும், மேலே கணக்குப் பார்த்தவர்களுக்கு ஒரு தோட்டமும் என்ற அநியாயத்தை இந்தச் சிறு தூரத்தை நடந்து கடக்கும்போது உணர்வது போல எந்தப் புத்தகத்திலும் உணர முடியாது. பொதுத்துறை நிறுவனமான பெமல் 1964 முதல் இயங்குவதால் அதன் குடியிருப்பில் மட்டும் நிலைமை வேறு. சம்பளம் நிற்காத இடத்தில் தெரு எப்படி இருக்கும் என்பதற்கு அதையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.

சாம்பல் நிறக் குன்றுகளாகத் தெரிபவை, சயனைடு என்ற நச்சைக் கொண்டு தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு. ஊரார் சயனைடு மேடு என்பார்கள். கோடைக் காற்றில் அந்தத் தூசி வீட்டுக்குள்ளேயே வந்து படியும். ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் அணிய வேண்டும். குழந்தைகளை அதன்மேல் ஏற விடவே கூடாது. மூடிய சுரங்க வாய்களுக்கு அருகில் போகாதீர்கள், அனுமதியின்றி உள்ளே நுழையவும் வேண்டாம்.

குடும்ப வேர் தேடுவோர் தாத்தாவின் பெயரோடு அவர் இறங்கிய ஷாஃப்ட் (சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி), குடியிருந்த லைன் ஆகியவற்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தால், லைனில் உள்ள தாத்தாக்களும் ஆயாக்களும் வீட்டையே காட்டிவிடுவார்கள். கிறிஸ்தவக் குடும்பத்தினர் பங்கு ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க முன்கூட்டியே எழுதிக் கேட்பது முறை. பழைய லைன் வீட்டை வாங்கித் தருவதாகத் தரகர் யாராவது வந்தால் முன்பணம் கொடுக்காதீர்கள். வீட்டுரிமைக்காக முன்னாள் தொழிலாளர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள், அவர்களிடம் விசாரிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம்.