நடையும் சாப்பாடும்: எடை குறைப்புக்கான கலோரிக் கணக்கைப் போடுவது எப்படி?

நாள்தோறும் முக்கால் மணி நேரம் தவறாமல் நடந்தும் எடை குறையவில்லையே என்று வருந்துவோர் பலர். நடை எத்தனை கலோரியைச் செலவழிக்கிறது, சாப்பாடு எத்தனை கலோரியைத் தருகிறது என்ற இரண்டு கணக்குகளையும் சேர்த்து வைத்துப் பார்க்காததே பெரும்பாலும் இதற்குக் காரணம். 40 வயதுள்ள, 158 செ.மீ. உயரமும் 72 கிலோ எடையும் கொண்ட, பெரும்பாலும் உட்கார்ந்தே வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்காட்டாக வைத்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அவருடைய எண்கள் வரும் இடங்களில் உங்கள் எண்களை இட்டுக்கொள்ளுங்கள்.

முதலில், எடை கூடாமலும் குறையாமலும் இருக்க உடலுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை என்று அறிய வேண்டும். 1990இல் வெளியான மிஃப்ளின் – செயின்ட் ஜியோர் சூத்திரம் இதற்குப் போதுமானது. கிலோவில் உள்ள எடையை 10ஆலும், செ.மீ. கணக்கில் உள்ள உயரத்தை 6.25ஆலும் பெருக்கி இரண்டையும் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கி அதிலிருந்து கழியுங்கள். பிறகு பெண்கள் 161ஐக் கழிக்க வேண்டும், ஆண்கள் 5ஐக் கூட்ட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் விடை ஏறத்தாழ 1,350. படுத்தே இருந்தாலும் உடல் செலவழிக்கும் கலோரி இது. உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் இதை 1.2ஆல் பெருக்கினால் அன்றாடத் தேவை கிடைக்கும். அது 1,620 கலோரி.

இந்த இடத்தில்தான் பலருடைய கணக்கு தடம் மாறுகிறது. ‘நான் நடக்கிறேனே’ என்று 1.2க்குப் பதிலாக, இலேசாக உடற்பயிற்சி செய்பவர்களுக்கான 1.375ஆல் பெருக்குகிறார்கள், அதன் பிறகு கைக்கடிகாரம் காட்டும் நடைக் கலோரியையும் தனியே கூட்டிக்கொள்கிறார்கள். ஒரே நடை இரண்டு முறை வரவு வைக்கப்பட்டுவிடுகிறது. நடையைத் தனியாகக் கணக்கிடப் போகிறீர்கள் என்றால் 1.2ஐ மாற்றவே கூடாது.

கடிகாரம் காட்டும் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மணிக்கு ஏறக்குறைய 5 கி.மீ. வேகத்தில் சமதரையில் நடப்பவரின் உடல், சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாவதைப்போல் மூன்றரை மடங்கு ஆற்றலைச் செலவழிக்கிறது. 72 கிலோ எடையுள்ளவர் 45 நிமிடம் நடந்தால் மொத்தச் செலவு 189 கலோரி. ஆனால் அந்த 45 நிமிடமும் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலே 54 கலோரி செலவாகியிருக்கும். அது ஏற்கெனவே 1,620க்குள் அடங்கியிருக்கிறது. ஆகவே நடையால் கிடைத்த உண்மையான கூடுதல் செலவு 135 கலோரி மட்டுமே. கடிகாரங்களும் செயலிகளும் பெரும்பாலும் மொத்தச் செலவையே காட்டுகின்றன என்பதால், அந்த எண்ணில் மூன்றில் இரண்டு பங்கைக் கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொண்டால் போதும். நடை முடிந்த கையோடு கடையில் ஒரு வடையும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிட்டால் அந்த 135 கலோரியும் தாண்டிவிடும்.

இதனால் நடை வீண் என்று எண்ணிவிட வேண்டாம். இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கம், மனநிலை ஆகிய எல்லாவற்றுக்கும் நடை நல்லது. குறைத்த எடை மீண்டும் ஏறாமல் காப்பதில் அதன் பங்கு மிகப் பெரியது. ஆனால் எடையைக் குறைப்பதில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கே உரியது என்பதை ஏற்றுக்கொண்டால்தான் திட்டம் நிற்கும். நாளொன்றுக்கு 300 கலோரியைச் சாப்பாட்டில் குறைத்து, 135 கலோரியை நடையில் செலவழிப்பது என்ற பங்கீட்டையே நான் பரிந்துரைப்பேன். பசியில் வாடாமல் மாதக்கணக்கில் தொடரக்கூடிய அளவு இது.

அந்த 300 கலோரியை எங்கிருந்து எடுப்பது? எண்ணெயிலிருந்து தொடங்குங்கள். தாளிக்கும்போது கரண்டியால் அளந்து ஊற்றும் வழக்கம் நம் வீடுகளில் அரிது. ஆனால் மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறோம் என்பது மளிகைச் சீட்டிலேயே இருக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் தீர்கிறது என்றால், ஒரு லிட்டர் ஏறத்தாழ 920 கிராம் என்ற கணக்கில், ஒருவருக்கு நாளொன்றுக்கு 38 கிராம் எண்ணெய் போகிறது. எண்ணெய் எதுவாயினும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய்க்கும் அதே 9தான். ஆக, ஒருவருக்கு 345 கலோரி எண்ணெயாகவே உள்ளே போகிறது. மாதம் 3 லிட்டரோடு நிறுத்திக்கொண்டால் அது 207 ஆகிவிடும். மிச்சமாகும் 138 கலோரி, நாம் மேலே பார்த்த 45 நிமிட நடைக்குச் சமம். மாத முதல் நாளில் மூன்று லிட்டரைத் தனியே எடுத்து வைத்து, அதிலிருந்து மட்டும் எடுத்துச் சமையுங்கள். வாணலிக்கு நேராகப் பாக்கெட்டைச் சாய்க்காமல், தேக்கரண்டியால் அளந்து ஊற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்தது சோறு. வெந்த சோறு 100 கிராமுக்கு ஏறத்தாழ 130 கலோரி. சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, நீங்கள் வழக்கமாகத் தட்டில் போட்டுக்கொள்ளும் சோற்றை ஒரு வாரம் மட்டும் நிறுத்துப் பாருங்கள்; பிறகு கண்ணே அளவைச் சொல்லிவிடும். மதியச் சோற்றில் 100 கிராமைக் குறைத்து அந்த இடத்தைக் காய்கறியால் நிரப்ப வேண்டும், ஆனால் பொரியலில் தேங்காய்த் துருவலைக் கைநிறைய அள்ளிப் போட்டால் குறைத்ததில் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். காலையும் மாலையும் காபிக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை போடுபவர் அதை ஒன்றாக்கினால் இன்னும் 40 கலோரி மிச்சம். எண்ணெய் 138, சோறு 130, சர்க்கரை 40 எனக் கூட்டினால் 308 ஆகிறது. இட்லியையோ மீன் குழம்பையோ கைவிட வேண்டியதில்லை.

குறைக்கக் கூடாதது புரதம். ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிராம் அளவாவது கிடைக்கவில்லையென்றால் கொழுப்போடு தசையும் கரையும். தண்ணீராக வைத்த சாம்பார் இதற்குப் போதாது. சுண்டல், பச்சைப்பயறு, முட்டை, தயிர், மீன் ஆகியவற்றில் ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்க வேண்டும். தசையைக் காக்க வாரத்தில் இரண்டு நாளாவது எடை தூக்குவதும், நாற்காலியில் அமர்ந்து எழும் பயிற்சி போன்றவையும் உதவும்.

நடையைப் பொறுத்தவரை, பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்ற அளவில் வேகம் இருக்கட்டும். நிமிடத்துக்கு 100 காலடிகளுக்குக் குறையக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். 10,000 அடி என்ற இலக்கு 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியோடு பரவியது, ஆகவே அதை எட்டவில்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். முக்கால் மணி நேரத்தைச் சேர்த்து ஒதுக்க முடியாதவர்கள் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடமாக மூன்று வேளை நடக்கலாம். கலோரிச் செலவு குறையாது, சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையும் தணியும். காலையில் நடந்துவிட்டோம் என்று மீதி நாள் முழுவதும் படுத்துவிட்டால் மட்டும் பயனில்லை.

இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரைகளோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன்னரே மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். நடக்கப் போகும்போது குளுக்கோஸ் பொடியோ மிட்டாயோ பையில் இருக்க வேண்டும். மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் பெண்கள் 1,200 கலோரிக்கும் ஆண்கள் 1,500 கலோரிக்கும் கீழே போகக் கூடாது. கருவுற்றவர்களுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

நாளுக்கு 435 கலோரி பற்றாக்குறை என்றால் வாரத்துக்கு 3,045. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்று கொண்டால், வாரத்துக்கு 400 கிராம் அளவுக்கு எடை குறைய வேண்டும். குறைகிறதா என்று பார்க்க, காலையில் கழிப்பறைக்குப் போய்வந்தபின், எதுவும் சாப்பிடும் முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். ஒரு நாள் எண்ணை இன்னொரு நாள் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். கல்யாண விருந்துக்கு மறுநாள் ஒரு கிலோ ஏறியிருந்தால் அதில் பெரும்பகுதி உப்பும் மாவுச்சத்தும் பிடித்து வைத்த நீர்தான். மாதவிடாயை ஒட்டியும் இப்படி ஏறும். ஏழு நாள் சராசரியை அடுத்த ஏழு நாள் சராசரியோடு ஒப்பிட்டு, மூன்று வாரம் ஆகியும் அசைவில்லை என்றால் மட்டும் கணக்கைத் திருத்துங்கள். பெரும்பாலும் பிழை நடையில் இருக்காது. எழுதாமல் விட்ட முறுக்கிலும் கடலையிலும் இருக்கும்.

எடை 66 கிலோவுக்கு வந்ததும் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும். அன்றாடத் தேவை 72 கலோரி குறைந்திருக்கும். இலேசான உடலைச் சுமந்து நடப்பதால் அதே 45 நிமிட நடையும் 124 கலோரியையே செலவழிக்கும். 435 ஆக இருந்த பற்றாக்குறை ஏறத்தாழ 350 ஆகச் சுருங்கிவிடுவதால் எடை இறங்கும் வேகமும் குறையும். அப்போது சாப்பாட்டில் மேலும் கை வைக்காமல், நடையை ஒரு மணி நேரமாக நீட்டுவதே நல்லது. இன்னும் 41 கலோரி அதில் கிடைக்கும். மீதி வேகக் குறைவைப் பொறுத்துக்கொள்ளலாம்.