எல்கேஜி பிள்ளைக்கு ஒர்க்‌ஷீட் கொடுப்பதற்கு முன்னால்

ஒர்க்‌ஷீட்டே கூடாது என்று சொல்லவில்லை, அதில் ஆரம்பிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். நான்கு வயதுப் பிள்ளைக்குத் தாளில் இருக்கும் 5 வெறும் கோடு. ஐந்து புளியங்கொட்டையைத் தன் கையால் எண்ணி வைத்தால்தான் அது ஐந்தாகிறது. மதுரைப் பக்கம் புளியங்கொட்டைக்குப் பஞ்சமா என்ன? (வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளாமல் கூடவே இருங்கள்.) மல்லிகை மொட்டும் ஆகும். பத்து மொட்டை ஒவ்வொன்றாக இரண்டு விரலால் எடுத்துக் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள், எண்ணிக்கையும் பழகும், நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போகிற விரலுக்கும் பழக்கம் வரும். அப்புறம் தட்டில் மணல் பரப்பி, விரலால் ‘அ’.

இதெல்லாம் சில நாள் ஓடிய பிறகு ஒரே ஒரு தாள், பத்து நிமிடம், போதும். பிள்ளை எழுதும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள், ஏனென்றால் 6-ஐத் திருப்பிப் போடுகிறதா, எண்ணும்போது ஒன்றைத் தாண்டிவிடுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். எல்லாருக்கும் ஒரே தாள் வேண்டாம். அரசுப் பள்ளிகளில் 2022-ல் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலேயே அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பயிற்சி கொடுக்கிறார்கள்.

தப்பாக எழுதினால் தயவுசெய்து சிவப்பு மையில் அடிக்காதீர்கள். தாளை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி புளியங்கொட்டையை எடுங்கள்.