கல்லீரல் எலாஸ்டோகிராபி: கலர் பெட்டியை நம்பும் முன்

எலாஸ்டோகிராபி என்றால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கல்லீரலுக்குள் ஓர் அலையை ஓடவிட்டு, அது எவ்வளவு கெட்டி என்று கிலோபாஸ்கலில் அளப்பது; அளக்கும் இடத்தைத் திரையில் ஒரு கலர் பெட்டி காட்டும். 14 கிலோபாஸ்கல் வந்துவிட்டதா? உடனே சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை) என்று எழுதிவிடாதீர்கள். நோயாளி என்ன சாப்பிட்டார் என்று முதலில் கேளுங்கள்.

தர்மபுரிக்கு ஸ்கேன் எடுக்க வருபவர்களில் பலர் அரூர், பென்னாகரம் பக்கமிருந்து விடிகாலை பஸ் பிடித்து வருகிறவர்கள். "வெறும் வயிறா?" என்றால் "ஆமாங்க" என்பார்கள், பஸ் ஸ்டாண்டில் சாப்பிட்ட டீயும் பன்னும் அவர்களுக்குச் சாப்பாட்டுக் கணக்கில் வராது. அதனால் "கடைசியா வாயில என்ன போட்டீங்க, எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். குறைந்தது 4 மணி நேரம் வயிறு காலியாக இருக்கணும். சாப்பிட்டதும் கல்லீரலுக்குப் போகும் ரத்தம் கூடும், கல்லீரல் உள்ளதைவிடக் கெட்டியாகக் காட்டும். காலையில் களி சாப்பிட்டு வந்தவரை மதியம் வரை உட்கார வைத்து எடுங்கள்.

அப்புறம் மூச்சு. சாதாரண வயிற்று ஸ்கேனில் "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிச் சொல்லி நம் வாயும் பழகிவிட்டது, அவர்கள் காதும் பழகிவிட்டது. இங்கே ஆழமாக இழுத்தாலே அளவு மாறிவிடும். "சும்மா மூச்சு விடுங்க ஐயா... அப்படியே நிறுத்துங்க" என்று இரண்டு தடவை சொல்லிப் பழக்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினால் விலா இடுக்கு விரியும். கருப்பு வெள்ளைப் படத்தைப் பார்க்காமல் கலரைப் போடாதீர்கள், ஏனென்றால் விலா எலும்பின் நிழல் விழுந்த இடத்திலும் மிஷின் ஏதோ ஒரு கலரை நிரப்பிக் காட்டலாம். கல்லீரல் உறைக்கு நேர்க்குத்தாகப் புரோப்பை வையுங்கள். உறைக்கு அடியில் ஒட்டினாற்போலக் கோடு கோடாகத் தெரிவது எதிரொலி, பெட்டியை அங்கே வைத்தால் வருவது பொய் அளவு. 1.5 முதல் 2 சென்டிமீட்டர் கீழே இறக்குங்கள். 6 சென்டிமீட்டருக்கு மேல் போனால் அலை தளர்ந்து கலர் திட்டுத்திட்டாக உடையும். ரத்தக் குழாய் பெட்டிக்குள் வரவே கூடாது. இடது மடல் வேண்டாம், இதயத் துடிப்பு அளவைக் கெடுக்கும்.

5 அளவு எடுத்து, கிலோபாஸ்கலில் ஐக்யூஆர்/மீடியன் (அளவுகளின் சிதறலை நடு அளவால் வகுத்தது) 30 சதவீதத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் திரும்ப எடுங்கள்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டிருக்கும்போதே வருபவர்களும் உண்டு. ஏஎல்டி (ரத்தத்தில் பார்க்கும் கல்லீரல் என்சைம்) இயல்பான உச்ச அளவைவிட 5 மடங்குக்கு மேல் ஏறியிருந்தால் அந்தக் கெட்டித்தன்மை வீக்கத்தாலும் வந்திருக்கலாம், தழும்பு என்று முடிவு கட்டாமல் காமாலை இறங்கியபின் வரச் சொல்லுங்கள். இதயம் பலவீனமானவருக்குக் கல்லீரலில் ரத்தம் தேங்கியும் அளவு ஏறும், ஹெபாட்டிக் வெயின் (கல்லீரலிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய்) விரிந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்கள் பெங்களூரில் எடுத்த பழைய ரிப்போர்ட்டோடு வருவார்கள். மிஷின் மாறினால் எண்ணும் மாறும், அதையும் இதையும் நேராக வைத்து ஒப்பிடாதீர்கள். உங்கள் ரிப்போர்ட்டில் மிஷின் பெயரையும் எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்பதையும் எழுதிக் கொடுங்கள்.