லிஃப்ட் ஏஎம்சி: கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

அடுக்குமாடிக் குடியிருப்பு லிஃப்டுக்கு ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடும்போது, நிறுவனத்தின் கடமைகளை "முறையாகப் பராமரிக்கப்படும்", "உடனடியாகச் சரிசெய்யப்படும்" என்று எழுதவே விடாதீர்கள். தகராறு வந்தால் 'உடனடி' என்பதற்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள்.

மாதம் ஒரு சர்வீஸ். அதில் பிரேக், கதவு சென்சார், ரோப், மின்தடையில் லிஃப்டைத் தளத்துக்குக் கொண்டுவரும் ஏஆர்டி பேட்டரி ஆகியவற்றைச் சோதித்துப் பதிவேட்டில் கையெழுத்து என்று எழுதுங்கள். ஆள் சிக்கினால் 30 நிமிடத்தில், சாதாரணப் பழுதுக்கு 4 மணி நேரத்தில் டெக்னீஷியன் வர வேண்டும் என்பதுபோல நேரத்தைப் பேசி முடிவு செய்யுங்கள். நேரம் புகார் பதிவானதிலிருந்தே ஓட வேண்டும். இதை விட்டுவிட்டால், "தகவல் இப்போதுதான் வந்தது" என்பார்கள். இரவும் ஞாயிறும் சேர்த்தியா என்பதையும் எழுதுங்கள்.

அதிகச் சண்டை உதிரிபாகத்தில்தான். 'காம்ப்ரிஹென்சிவ்' (உதிரிபாகமும் சேர்த்தி) என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். ரோப், கன்ட்ரோலர் போர்டு, பேட்டரி யார் செலவு என்று பெயர் சொல்லிப் பட்டியல் இணையுங்கள்.

தாமதத்துக்கான பிடித்தம் நியாயமான தொகையாக இருக்கட்டும். 1872 ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-ன்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் பிடிக்க எதுவும் மிஞ்சாது. காலாண்டு முடிந்தபின் கொடுங்கள்.